கதவைச் சாத்தியவள்

"அம்மா, அத்தையோட கையை நீயா ஒடச்ச?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடப் பை இன்னும் தோளிலிருந்து இறங்கவில்லை. ஒரு காலணியின் பட்டை அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா சமையலறைத் தரையில் குந்தி, ஈரத்துணியால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"ஆமாடா. கதவை வேகமாச் சாத்திட்டேன். அத்தை கை மாட்டிக்கிச்சு."

"வேணும்னேயா?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் வாசற்படியில் நின்ற அப்பா பதில் சொல்லிவிட்டார். "பின்ன? தெரியாமயா சாத்துவா?"

அம்மா மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள். அந்த மௌனத்தையே மகள் பதிலாக எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டதை ஒன்பது வருஷம் கீழே வைக்கவில்லை.

தெருவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அந்த அம்மாவின் பெயர் 'சிஸ்டர்'. பதினெட்டு வருஷமாக ஒரே அறையில் வேலை. இதயக் குழாயில் அடைப்பு என்று வருகிறவர்களின் மணிக்கட்டில், நாடி பார்க்கும் இடத்தில், ஊசியால் துளை போட்டு, மெல்லிய குழாய் ஒன்றை நெஞ்சு வரைக்கும் கொண்டுபோகிற அறை. கேத் லேப் என்பார்கள். ஆஜானுபாகுவான ஆட்களுக்குச் சிரமமில்லை. ஒடிசலான பெண்கள், நாள்பட்ட சர்க்கரை நோயாளிகள் வந்தால்தான் பாடு. அவர்களுடைய ரத்தக்குழாய் உள்ளே போகிற குழாயைவிடச் சிறிதாக இருக்கும். பயந்துவிட்டாலோ அது தொட்டாற்சிணுங்கி போல மூடிக்கொள்ளும். உள்ளே போனதைக் கவ்விப் பிடித்துக்கொண்டு விடாது. பலவந்தமாக இழுத்தால் கிழிந்துபோகும். அந்தச் சமயத்தில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை நோயாளியின் கையில் சுற்றி, காதருகே குனிந்து, என்ன பிள்ளை, எத்தனை பிள்ளை என்று பேசிப் பேசியே குழாயை இளக்கிவிடுவாள் சிஸ்டர். மருந்து பாதி, சிஸ்டர் பாதி என்று டாக்டர்கள் சொல்வார்கள்.

வீட்டில் அந்தப் பேச்சு எடுபடாது. "ஊரான் கையெல்லாம் பிடிச்சுச் சம்பாதிக்கிறா, வீட்டுல இருந்த கையை ஒடச்சுப் போட்டுட்டா!" என்பாள் நாத்தனார். கணவனின் அக்கா, கல்யாணமே செய்துகொள்ளாமல் தம்பியை வளர்த்தவள். ஒரு காலத்தில் அந்த வட்டாரத்திலேயே பேர்போன தையல்காரி. வலது மணிக்கட்டு முறிந்து விரல்கள் மடங்காமல் போனபின், இடது கையால் பட்டன் மட்டும் தைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டின் முன்பக்கம் கணவனின் டயர்க் கடை. பின்பக்கம் குடித்தனம். லாரி டயரை நெம்பிக் கழற்றும் முழ நீள இரும்பு லிவர்கள் கடைக்கும் சமையலறைக்கும் நடுவே சுவரோரம் சாய்ந்து நிற்கும். அவனுக்குக் கோபம் வந்தால் எது கையில் கிடைக்குமோ, அது பறக்கும். அவன் குரல் உயர்ந்தாலே சிஸ்டரின் கண் முதலில் அந்தச் சுவரோரத்துக்குத்தான் போகும்.

மகளுக்குப் பத்தொன்பது வயது. அன்று காலையில் நாத்தனார் பட்டன் தைத்துக்கொண்டே அடிக்கடி தாடையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். நெற்றியில் வியர்வை. ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று வந்துகொண்டுதான் இருந்தது.

"அண்ணி, மூணு நாளா வாயு வாயுன்னு சொல்றீங்க. இன்னிக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஒரு ஈசிஜி எடுத்துப் பாத்துடலாம்."

"வந்து? இந்தக் கையையும் உன்கிட்டக் குடுக்கவா?"

கண்ணாடி முன்னால் தலை பின்னிக்கொண்டிருந்த மகள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு சிஸ்டருக்கு வலித்தது. ஆனாலும் விடவில்லை.

"வியர்க்குது அண்ணி. தாடை வலிக்குதா? தோள்பட்டை?"

"ஏய்!" கடைப்பக்கமிருந்து கணவன் வந்தான். "காலங்காத்தால என்ன அவளைப் போட்டு நோண்டுற? உன் டாக்டருங்களுக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கறியா?"

"இல்லைங்க... எனக்குப் பயமா இருக்கு. இது நெஞ்சுவலி மாதிரி..."

அவள் முடிப்பதற்குள் அடுப்பிலிருந்த வெந்நீர்ப் பாத்திரம் பறந்து வந்தது. சிஸ்டர் விலகிக்கொண்டாள், பாதி நீர் முழங்காலில் கொட்டியது. பாத்திரம் சுவரில் மோதித் தரையில் சுழன்றது. அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி முதுகுப்பக்கம் கொண்டுபோனான்.

"என் அக்காவுக்கு நெஞ்சுவலியா? வாயைக் கழுவுடி! அவளை அனுப்பி வச்சுட்டு நிம்மதியா இருக்கலாம்னு பாக்குறியா?"

"விடுடா தம்பி..." என்று எழுந்த நாத்தனாரின் மடியிலிருந்து பட்டன்கள் சிதறின. எழுந்தவள் நிற்கவில்லை. நாற்காலியைப் பிடிக்கப் போன இடது கை காற்றைப் பிடித்தது. அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள்.

"அத்தை!" மகள் ஓடினாள்.

சிஸ்டர் தன் கையை உதறிக்கொண்டு பாய்ந்தாள். உதடு வெளுத்திருந்தது, உடம்பு சில்லென்று ஈரமாக இருந்தது. கைப்பையைக் கவிழ்த்து ஆஸ்பிரின் மாத்திரையை எடுத்தாள். "அண்ணி, மெல்லுங்க. முழுங்காதீங்க, மெல்லுங்க."

கணவனுக்கு வேறு மாதிரித் தெரிந்தது போலும். "என்னடி திணிக்கிற அவ வாயில!" என்று தலைமுடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். புறங்கை அவள் புருவத்தில் விழுந்தது, மோதிரம் கிழித்தது. ரத்தம் கண்ணுக்குள் வழிய, சிஸ்டர் அந்த நிலையிலும் ஒரு கையால் நாத்தனாரின் தாடையைப் பிடித்துக்கொண்டு, "மெல்லுங்க... மெல்லுங்க..." என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, வண்டி பிடி! அடிக்கிற நேரமா இது?" என்று மகள் கத்தினாள். தெருவில் போன வாடகை வண்டியை அவளே ஓடிப்போய் நிறுத்தினாள்.

வண்டியில் நாத்தனாரின் தலை சிஸ்டரின் மடியில். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வேறொரு வண்டியில் இதே தலை இதே மடியில் கிடந்தது. அன்று நடந்தது இரண்டு பெண்களுக்கும், அடித்தவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

அன்று அவன் போகாதே என்று சொல்லியும் சிஸ்டர் ஓர் அவசரத்துக்காக டியூட்டிக்குப் போய்விட்டாள். மதியம் திரும்பிவந்து, அவன் வீசியெறிந்த சாப்பாட்டைத் தரையிலிருந்து குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து நின்றான். அவள் திரும்பவில்லை. தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த நாத்தனார்தான் பார்த்தாள். லிவர் அவன் தலைக்கு மேலே உயர்ந்திருந்தது. "டேய்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து குறுக்கே வலது கையை நீட்டினாள். காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். சிஸ்டரின் தலையைப் பிளந்திருக்க வேண்டிய அடி அந்தச் சின்ன மணிக்கட்டில் இறங்கியது.

"போலீஸ் கேஸ் ஆயிடும்டி... அவனை உள்ள தள்ளிடுவாங்க..." ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நாத்தனார் அழுதாள். "எங்கம்மா கண்ணை மூடறப்ப நாலு வயசுப் பிள்ளையா இந்தக் கையிலதான் குடுத்துட்டுப் போனா... இந்தக் கையிலதான்டி..."

"அழாதீங்க அண்ணி. நான் கதவைச் சாத்தினேன், உங்க கை மாட்டிக்கிச்சு. அப்படியே சொல்லிடலாம். யார் கேட்டாலும் அப்படித்தான். நான் மாத்திச் சொல்லவே மாட்டேன்."

உயிரைக் காப்பாற்றியவளுக்குத் தான் செய்யக்கூடியது இது ஒன்றுதான் என்று அன்று நினைத்தாள். பொய் குட்டி போடும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. ஒரு மாதத்தில் 'கதவைச் சாத்தினாள்' என்பது 'வேண்டுமென்றே சாத்தினாள்' ஆயிற்று. கணவன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது நிஜமாகிவிட்டது. நாத்தனார் முதலில் வாய்மூடி இருந்தாள், அப்புறம் தலையாட்டினாள், அப்புறம் அவளே குத்திக்காட்டவும் தொடங்கினாள். குற்றம் உள்ள மனசு, தான் நன்றிக்கடன் பட்டவரைத்தான் அதிகமாக வெறுக்கும் போலிருக்கிறது. முறிந்த கை சேர்ந்தபின் தினமும் விரல்களை மடக்கி நீட்டிப் பழக்கியிருந்தால் கை திரும்ப வந்திருக்கும். அது சிஸ்டருக்குத் தெரிந்த வேலை. பக்கத்தில் போனாலே, "தொடாதே!" என்றாள் நாத்தனார். எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய குழந்தை அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் குட்டி டாக்டர் தயாராக இருந்தாள். வயது முப்பத்தைந்துக்கு மேல். என்றாலும் குட்டையாக இருந்ததால் மரப்பலகை போட்டு ஏறி நின்றுதான் நோயாளியின் மேஜையில் வேலை செய்வாள். சிஸ்டரின் புருவத்தைப் பார்த்தாள். "யாரு?" என்று கேட்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் சிஸ்டர் எத்தனையோ கதவுகளில் இடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆஸ்பத்திரிக்கு அது தெரியும். ஒரு பஞ்சை எடுத்து வைத்து, அவள் கையாலேயே அழுத்திக்கொள்ளச் சொன்னாள்.

"பெரிய அட்டாக். உடனே திறக்கணும். இடுப்பு வழியாப் போக முடியாது. போன வருஷ ஸ்கேன்லயே ரெண்டு காலுக்கும் போற குழாயில அடைப்பு. கைதான் வழி. வலது கையில நாடியே இல்ல. அந்த முறிவுல கட்டைவிரல் பக்கத்துக் குழாய் போயே போச்சு. இடது கைதான் பாக்கி." ஸ்கேன் கருவியை நாத்தனாரின் இடது மணிக்கட்டில் வைத்துத் திரையைப் பார்த்தாள். "ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்ல. சிஸ்டர், இன்னொரு நர்ஸ் லீவு. சொந்தக்காரங்களுக்கு நீங்க நிக்கக் கூடாதுதான்... உங்களால முடியுமா?"

"முடியும் டாக்டர்."

"முடியாது!"

கண்ணாடிக் கதவு நொறுங்குகிற சத்தம் அதற்குப் பின்னால்தான் கேட்டது. லிவரைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்திருந்தான் கணவன். தடுத்த வாட்ச்மேனின் தோளில் ஓங்கி அடித்தான். மனுஷர் ஓய்வு பெற்றபின் வேலைக்கு வந்தவர். கண்ணாடித் துண்டுகளின் மேலேயே விழுந்தார். வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் அலறியடித்து ஓடினார்கள். அவன் நேராக வந்து சிஸ்டரின் சட்டைக் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். ஒருமுறை. இரண்டுமுறை.

"இவ என் அக்கா பக்கத்துல போகக்கூடாது! கையை ஒடச்சவ, இன்னிக்கு உசுரையும் எடுத்துருவா! அக்காவை நான் கூட்டிட்டுப் போறேன்!"

"கூட்டிட்டுப் போனா வாசல் தாண்டறதுக்குள்ள செத்துருவாங்க," என்றாள் குட்டி டாக்டர். "லிவரைக் கீழ போடுங்க."

அவன் லிவரை டாக்டரின் பக்கம் ஓங்கினான். கீழே கிடந்த வாட்ச்மேன் ரத்தம் ஒழுகிய கையோடு அவன் காலை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். "சிஸ்டர், நீங்க உள்ள போங்க! எனக்கு ஊசி போட்ட கை உங்களுது. போங்க!" அதற்குள் நாலு பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள். அமுக்கியும் அவன் திமிறினான். ஒருவனின் விரலைக் கடித்தான். போலீஸ் வரும்வரை அந்த நடைபாதை முழுக்க அவன் வசவுதான்.

மகள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். அப்பா வெளியாட்களை அடித்துப் பார்த்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை. ஆனால் ஒன்பது வருஷத்து எண்ணம் ஒரு நிமிஷத்தில் போகுமா? டாக்டர் நீட்டிய சம்மதப் படிவத்தை வாங்கிக்கொண்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"இவங்க உள்ள இருந்தே ஆகணுமா?"

"இவங்க இல்லேன்னா இந்தக் கையில நான் ஊசியே எடுக்க மாட்டேம்மா."

மகள் கையெழுத்துப் போட்டாள். அப்புறம் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"அத்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா... உன்னை நான் இனிமே அம்மான்னு கூப்பிட மாட்டேன்."

சிஸ்டர் தலையை மட்டும் அசைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

நாத்தனாருக்கு நினைவு இருந்தது. பலகைமேல் ஏறி நின்ற டாக்டரைப் பார்த்து, "பள்ளிக்கூடம் விட்டாச்சா?" என்று முனகினாள்.

"விட்டாச்சும்மா. வீட்டுப்பாடம்தான் பண்ணிட்டிருக்கேன்," என்றாள் குட்டி டாக்டர்.

சிஸ்டர் இடது மணிக்கட்டில் வெந்நீர்த் துண்டைச் சுற்றினாள். குழாயை விரிக்கும் மருந்தைத் தோலுக்கடியில் கொஞ்சமாகப் போட்டார்கள். காத்திருந்தார்கள். திரையில் கறுப்பு வட்டம் ஒரு சிட்டிகை அகலமாயிற்று. ஊசி ஒரே குத்தில் உள்ளே போனது. தலைமுடி போன்ற கம்பி, அதன்மேல் மெல்லிய குழாய், முழங்கை, தோள், நெஞ்சு. படம் எடுத்தார்கள். இதயத்தின் முன்பக்கத்துப் பெரிய குழாய் பாதியில் மொட்டையாக நின்றது.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பழக்கம் உண்டு. அடைப்பைத் திறப்பதற்கு முன்னால் வீட்டு ஆள் ஒருவரைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருக்கும் சின்ன அறைக்கு அழைத்துத் திரையில் படத்தைக் காட்டுவார்கள். உள்ளே டாக்டர் பேசுவது மைக் வழியாக அங்கே கேட்கும். மகளை அழைத்து நிறுத்தினார்கள்.

"தெரியுதாம்மா? இந்த இடத்துலதான் அடைப்பு. இங்க ஸ்டென்ட் வைக்கணும்," என்றாள் டாக்டர்.

நாத்தனார் தலையைத் திருப்பினாள். கண்ணாடிக்குப் பின்னால் மகளின் முகம். அந்தக் கணத்தில் அவள் உடம்பெல்லாம் விறைத்தது.

"டாக்டர்..." என்றாள் சிஸ்டர். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கவ்விடுச்சு." டாக்டரின் விரல்கள் குழாயில் அப்படியே நின்றன. "முன்னாலயும் போகல, பின்னாலயும் வரல. இன்னும் ஒரு டோஸ் மருந்து போடுங்க." போட்டார்கள். அசையவில்லை. நாத்தனார் வலியில் பல்லைக் கடித்தாள். இதயத் துடிப்பைக் காட்டும் கோடு தாறுமாறாகத் துள்ளியது. "இழுத்தா கிழிஞ்சுடும். இழுக்காம இருந்தா இதயம் தாங்காது. சிஸ்டர்... இனி உங்க வேலை."

சிஸ்டர் புதுத் துண்டை நனைத்துப் பிழிந்து, தோளிலிருந்து முழங்கை வரை சுற்றினாள். முகக்கவசத்தோடு குனிந்தாள். புருவத்துப் பஞ்சில் ரத்தம் ஊறியிருந்தது.

"அண்ணி, என்ன பயம்? நான் இருக்கேன்ல?"

"அவ... அவ ஏன் அங்க நிக்குறா?" நாத்தனாரின் கண்கள் கண்ணாடியை விட்டு விலகவில்லை. "சொல்லிட்டியா? அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டியா?"

சிஸ்டருக்குப் புரிந்தது. சாவு இல்லை, கத்தி இல்லை. இந்தக் குழாயை நெரித்துக்கொண்டிருப்பது இந்தப் பயம்தான். மகளுக்கு உண்மை தெரிவதற்கு ஒன்பது வருஷமாக ஏங்கியவள் அவள். அந்த மகள் பத்தடி தூரத்தில் நிற்கிறாள். ஆனால் விரல்களுக்குக் கீழே ஒரு கை துடித்துக்கொண்டிருந்தது.

"சொல்லல அண்ணி." அவள் நாத்தனாரின் நெற்றியைத் தடவினாள். "சொல்லவும் மாட்டேன். அன்னிக்கு வண்டியில சொன்னதுதான் இன்னிக்கும். அவளுக்கு நான் எப்படி வேணா இருந்துட்டுப் போறேன். நீங்க பிழைச்சா அது போதும். மெதுவா மூச்சு விடுங்க..."

நாத்தனார் அவளையே பார்த்தாள். கண்ணோரத்தில் நீர் திரண்டு காதுக்குள் வழிந்தது.

"நீ என்ன பொம்பளடி..." என்றாள். "நான் உன்னை இவ்வளவு பாடு படுத்தியும்..." குரல் உடைந்தது. உடைந்த குரலே சத்தமாக வெளியே வந்தது. "இவ கதவைச் சாத்தல! கேக்குதா எல்லாருக்கும்? இவ என் கையை ஒடைக்கல! என் தம்பி இவ தலையில போட வந்தான், லிவரால... நான் கையை நீட்டினேன்... அவன் உள்ள போயிடக் கூடாதுன்னு இவ பழியை ஏத்துக்கிட்டா. அந்தப் புள்ளையோட மனசை இவகிட்டேருந்து பிரிச்சது நான்தான். நான் பாவி!"

மைக் திறந்தேதான் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒரு கை சுவரைப் பிடித்துக்கொண்டது.

"அண்ணி, வேண்டாம்... பேசாதீங்க..."

"பேசட்டும், விடுங்க," என்றாள் குட்டி டாக்டர் மெல்ல. அவள் கண் குழாயிலேயே இருந்தது. "பேசட்டும் சிஸ்டர். இளகுது."

குழாய் ஒரு நூலளவு நகர்ந்தது. பிறகு ஒரு விரலளவு. மருந்து வேலை செய்ததா, மனசு இறங்கியதா என்று டாக்டர்களைக் கேட்டால் மருந்து என்றுதான் சொல்வார்கள். இரண்டையும் கொடுக்கிறவன் ஒருவன்தான் என்று சிஸ்டர் எப்போதும் நம்பியிருந்தாள். இருபது நிமிஷத்தில் அடைபட்ட குழாய் திறந்தது. திரையில் மொட்டையாக நின்ற கிளை கறுப்பாக, நீளமாக, நுனிவரை ஓடியது.

வெளியே வந்தபோது மகள் கதவருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க முயன்று முடியாமல், அம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். வெந்நீர் பட்ட முழங்கால். சிஸ்டர் முகம் சுளிக்கவில்லை.

"ஏம்மா சொல்லல? ஏன் என்கிட்டச் சொல்லல? நான் என்னென்ன பேசினேன்... காலையிலகூடச் சிரிச்சேனே..."

"உனக்குப் பத்து வயசுடா. அப்பான்னா உனக்கு உசுரு. அவ்வளவு சின்ன மனசுல அவ்வளவு பெருசா எப்படி இறக்கி வைக்கிறது?"

"அப்புறம்? நான் வளர்ந்தப்புறம்?"

"அப்புறம்..." சிஸ்டர் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். "அப்புறம் எனக்குத்தான் தைரியம் இல்ல. நீ நம்பலேன்னா என்ன பண்றதுன்னு."

"அம்மா..." என்றாள் மகள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். வாட்ச்மேன் கட்டுப்போட்ட கையோடு அந்தப்பக்கம் வந்தவர், வந்த வழியே திரும்பிப் போனார்.

மறுநாள் முற்பகல் போலீஸ் பெண் அதிகாரி வார்டுக்கு வந்தார். உடைத்த கதவுக்கும் அடித்த வாட்ச்மேனுக்கும் ஆஸ்பத்திரியே புகார் கொடுத்திருந்தது. கணவன் லாக்கப்பில் இருந்தான். அக்கா வந்து தன்னை ஜாமீனில் எடுப்பாள் என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

அதிகாரி சிஸ்டரின் புருவத்தைக் காட்டி, "இது?" என்றார்.

சிஸ்டர் ஒரு கணம் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் கண்ணை மூடித் திறந்தாள்.

"என் வீட்டுக்காரர் அடிச்சது," என்றாள் சிஸ்டர். அந்த மூணு வார்த்தையும் வாய்க்குப் புதிதாக இருந்தன.

"என் கையையும் எழுதிக்குங்க," என்றாள் நாத்தனார். "அதுவும் அவன் அடிச்சதுதான். ஒன்பது வருஷம் லேட்டாயிடுச்சு. என் தம்பிதான், நான் வளர்த்ததுதான். அடிக்கக் கூடாதுன்னு சொல்லி வளர்க்கல, அது என் தப்பு. அவனை எடுக்க நான் வரலன்னு சொல்லுங்க. இவங்க ரெண்டு பேரும் எங்க போறாங்களோ, அங்கதான் நானும் போவேன்... சேத்துக்கிட்டா."

"சேத்துக்காம? பட்டன் தைக்க ஆள் வேணும்ல?" என்றாள் மகள் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில். நாத்தனாருக்கு இடது மணிக்கட்டில் கட்டு இருந்தது; வலது விரல்கள் பேனாவைப் பிடிக்காது. கட்டைவிரலை மையில் தோய்த்துப் புகாரின் கீழே வைத்தாள்.

அதிகாரி போனபின் மகள் மாற்றுத் துணி எடுத்துவரப் புறப்பட்டாள். மதியச் சாப்பாட்டு நேரம். பக்கத்துக் கட்டில்கள் காலி. நாத்தனார் தூங்கிப்போயிருந்தாள். சிஸ்டர் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

போர்வைக்கு மேலே வலது கை கிடந்தது. விரல்கள் கொக்கிபோல் பாதி வளைந்தபடியே இறுகியிருந்தன. தழும்பு மணிக்கட்டின் குறுக்கே வெளுப்பாக ஓடியது. அதை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்தது இதுதான் முதல் தடவை. தன் தலையில் விழுந்திருக்க வேண்டியது. பழியைச் சுமந்ததால் அந்தக் கடன் தீர்ந்துகொண்டே வருகிறது என்று ஒன்பது வருஷமாக நினைத்திருந்தாள். பழி இந்த விரல்களில் ஒன்றைக்கூட மடக்கித் தரவில்லை.

வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து அந்தக் கையைச் சுற்றிக் கொஞ்ச நேரம் பொத்திவைத்திருந்தாள். பிறகு துண்டை எடுத்துவிட்டு, சுண்டுவிரலின் நுனியைப் பிடித்து, தூங்குகிறவளுக்கு வலிக்காத அளவுக்கு, உள்ளங்கைப் பக்கமாக மடக்கினாள். நீட்டினாள். மடக்கினாள். இருபது தடவை எண்ணினாள். அடுத்த விரல். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் முழுதாகத் திரும்பாது என்பது அவளுக்குத் தெரியும். ஒரு டம்ளரைப் பிடிக்கிற அளவுக்கு வந்தால்கூடப் போதும்.

மூன்றாவது விரலில் மூட்டு லேசாகச் சொடுக்கியது. நாத்தனார் முனகினாள், விழிக்கவில்லை. சிஸ்டர் நிறுத்தினாள். மூச்சு மறுபடியும் சீராகும்வரை காத்திருந்துவிட்டு, விட்ட எண்ணிலிருந்து தொடர்ந்தாள்.